ஆறடி மேசை, மூன்று நாள்: குயில்ட் கண்காட்சியில் ஸ்டால் எடுத்தால் கட்டுப்படியாகுமா?

பெங்களூரில் ஒட்டுத்துணி வேலை செய்கிறவர்களுக்காக நடந்த ஒரு குயில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) கண்காட்சியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நானும் என் நாத்தனாரும் ஸ்டால் போட்டோம். துணியிலேயே செய்த சுவர்ப் படங்கள், கையால் செய்த பட்டன்கள், இவைதான் எங்கள் சரக்கு. பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் பற்றி யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. அடுத்து யோசிப்பவர்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம் என்பதால், வாடகைக்கு என்ன கொடுத்தார்கள், எதில் கோட்டை விட்டார்கள், எது விற்றது, கையில் என்ன நின்றது என்று முழுக்கச் சொல்கிறேன். நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை, இதே குறைகள் நான் பார்த்த வேறு கண்காட்சிகளிலும் இருந்தன.

வாடகை 13,500 ரூபாய், திருப்பித் தரும் டெபாசிட் 2,000. அதற்கு ஆறடி நீள மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, பின்னால் வெள்ளை பேனல் தடுப்பு, ஒரு பிளக் பாயின்ட், மேலே இரண்டு லைட். பேனலில் ஆணி அடிக்கக்கூடாது, டேப் ஒட்டக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள், அது நல்லது. எஸ் கொக்கிகளைப் பேனலின் மேல் விளிம்பில் மாட்டி, மெல்லிய கம்பியில் படங்களைத் தொங்கவிட்டோம். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி ஒரு பட்டி தைத்து அதற்குள் குச்சியை நுழைத்திருந்தேன். அப்படிச் செய்தால் துணி சுருங்காமல், நடுவில் தொய்யாமல் நேராக நிற்கும். இதைச் செய்யாமல் மூலைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டவர்களின் வேலை எல்லாம் மாலைக்குள் தொய்ந்துபோய்த் தொங்கியது, பார்க்கவே பாவமாக இருந்தது.

முதல் நாள் எங்களுக்குக் கிடைத்த இடம் ஹாலின் கடைசியில், சாப்பாட்டுக் கவுண்டர் பக்கம். புக் செய்யும்போது காட்டிய வரைபடத்தில் அந்தக் கவுண்டரே இல்லை. போண்டா சாப்பிட்ட கையோடு வருகிறவர் துணியைத் தொடாமல் போய்விட்டால் நமக்கு வியாபாரம் இல்லை, தொட்டால் துணி போச்சு. இரண்டுமே நடந்தது. ஆகாய நீலத்தில் ஒரு படம், ஏழு வாரம் உட்கார்ந்து தைத்தது, அதன் ஓரத்தில் எண்ணெய் விரல் பட்டுவிட்டது. உடனே டால்கம் பவுடரைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன், பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் எனக்கு அந்த இடம் தெரிகிறது. அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய குறை வெளிச்சம். மேலே இருந்த இரண்டுமே மஞ்சள் லைட். மஞ்சள் வெளிச்சத்தில் கருநீலம் கறுப்பாகத் தெரியும், இளமஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடும், அரக்குச் சிவப்புக்கும் காவிக்கும் வித்தியாசம் தெரியாது. துணி விற்கிற இடத்தில் நிறம் தெரியாவிட்டால் என்ன விற்பது? புடவைக் கடையில் நம் அம்மாக்கள் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பார்களே, அதே மாதிரி இங்கே பெண்கள் பட்டன் அட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்று ராத்திரியே வளைத்துத் திருப்பக்கூடிய வெள்ளை எல்இடி விளக்கு ஒன்று 1,600 ரூபாய்க்கு வாங்கினேன். நடத்துகிறவர்கள் லைட்டை மட்டும் மாற்றினாலே கூட இன்னும் ஆயிரம் ரூபாய் வாடகை கேட்கலாம், நான் மறுபேச்சில்லாமல் கொடுப்பேன்.

சனிக்கிழமை காலை ஒரு ஸ்டால்காரர் வரவில்லை. கட் பீஸ் துணி விற்கிறவருக்கு அடுத்த மேசை காலி. என் நாத்தனார்தான் முதலில் பார்த்தாள், "அண்ணி, கேட்டுப் பார்ப்போம், கேட்டா என்ன போச்சு" என்று ஓடினாள். பொறுப்பில் இருந்த பெண் பத்து நிமிடத்தில் சரி என்றுவிட்டார், மேசை நகர்த்த இரண்டு ஆட்களையும் அனுப்பினார். இந்த விஷயத்தில் அவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும், சட்டம் பேசவில்லை.

அந்தப் பத்தடி நகர்ந்ததில்தான் எங்கள் மூன்று நாளும் திரும்பியது. காரணம் எளிது. பட்டன் வாங்குகிறவர் தனியாகப் பட்டனை வாங்குவதில்லை, கையில் இருக்கும் துணிக்குத்தான் வாங்குகிறார். பக்கத்து மேசையில் அரை மீட்டர், கால் மீட்டர் வாங்கிக்கொண்டு திரும்பினால் எதிரே பட்டன். துணியை எங்கள் மேசையில் விரிப்பார்கள், என் நாத்தனார் மேலே ஐந்தாறு விதம் வைத்துக் காட்டுவாள், வெள்ளை விளக்கைப் பக்கத்தில் இழுப்பாள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நாள் முழுக்கப் பதினெட்டு பட்டன் அட்டை போன இடத்தில் சனிக்கிழமை மதியத்துக்குள்ளேயே நாற்பது தாண்டிவிட்டது.

குயில்ட் கண்காட்சிக்கு வருகிறவர் யார் என்பதை நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும். சாதாரணக் கைவினைச் சந்தையில் வருகிறவர் வீட்டுக்கு அழகான ஒரு பொருள் தேடி வருகிறார். இங்கே வருகிறவர்களில் பாதிக்கு மேல் தாங்களே தைக்கிறவர்கள். படத்தைப் பார்த்ததும் விலையைக் கேட்பதில்லை, திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் பல வருடங்களாக நடக்கிற பெரிய குயில்ட் விழாவைப் போன்ற இடங்களில் வெள்ளைக் கையுறை போட்ட உதவியாளர்கள் நின்று, கேட்பவர்களுக்குக் குயில்டின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். இங்கேயும் காட்சிக்கு வைத்த பகுதியில் அதைச் செய்தார்கள், நன்றாக இருந்தது. விற்பனை ஸ்டால்களுக்கும் ஒரு ஜோடி கையுறை கொடுத்திருக்கலாம்.

"ரொம்ப நல்லா இருக்கு, இதை நானே பண்ணிப் பார்க்கணும்" என்று குறைந்தது ஐம்பது பேராவது சொல்லியிருப்பார்கள். முதல் நாள் அது எனக்கு வலித்தது. ஆனால் அவர்கள் சொன்னது உண்மை, அவர்களால் முடியும். அதனால் பதினான்கு படம் கொண்டுபோனதில் இரண்டுதான் விற்றது, இரண்டையும் வாங்கியவர்கள் தைக்கத் தெரியாத கணவன்மார்கள். சின்ன வளையச் சட்டத்தில் பொருத்திய துணிப் படங்கள், 600 ரூபாய்க்கு வைத்தவை, பதினொன்று போனது.

என் படங்கள் கவந்தி முறையில் தைத்தவை. வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழ்கிற சித்தி என்ற இனத்து மக்களின் தையல் அது. முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பழைய புடவையை அடியில் விரித்து, மேலே துண்டு துண்டாகத் துணிகளை வைத்து, வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே உள்ளே சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள், முழுக்க ஓட்டுத் தையல்தான். நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டு வைப்பார்கள், அதற்குப் பெயர் ஃபுலா, பூ என்று அர்த்தம். ஸ்டாலில் ஒரு அட்டையில் இதைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருந்தேன். முறை அவர்களுடையது, நான் கற்றுக்கொண்டவள், இதைச் சொல்லாமல் விற்பது சரியல்ல. மல்லேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா அட்டையைப் படித்துவிட்டு, "நீங்க தமிழா? எங்கம்மாவும் பழைய நூல் புடவையை நாலா மடிச்சு ஓட்டுத் தையல் போட்டு, பிறந்த குழந்தைக்கு விரிப்பாங்க" என்றார். "எங்க வீட்டிலயும் உண்டும்மா" என்றேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார்.

இனி பட்டன். மூன்று வகை வைத்திருந்தோம்.

முதலாவது சென்னப்பட்டண மரப் பட்டன். பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் 60 கிலோமீட்டர், நாங்களே போய் ஒரு கடைசல்காரரிடம் சொல்லிச் செய்து வாங்கினோம். கடைசல் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசுகிற சூட்டில் அரக்கு உருகிப் படிந்துவிடும், அப்புறம் தாழை மடலை வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் விற்றோம்: சூட்டில் படிந்த அரக்கு சூட்டிலேயே இளகும், இதன் மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது, வெந்நீரில் துவைக்கக்கூடாது. குயில்டர்கள் தையலுக்குத் தையல் இஸ்திரி போடுகிறவர்கள், இதைச் சொல்லாமல் விட்டால் வீட்டுக்குப் போய் நம்மைத் திட்டுவார்கள். கேட்டுவிட்டுச் சிலர் வைத்துவிட்டுப் போனார்கள், பரவாயில்லை.

இரண்டாவது கொட்டாங்கச்சி பட்டன். நாத்தனார் வீட்டு மொட்டை மாடியில் அறுத்து, தேய்த்து, துளை போட்டு, தேங்காய் எண்ணெய் தடவியது. விலை குறைவு, ஓட்டமும் அதிகம். பழுப்பு நிறம் எந்தத் துணியோடும் ஒத்துப்போகும்.

மூன்றாவது நூல் சுற்றிய வளைய பட்டன், இங்கிலாந்தில் டார்செட் என்ற மாவட்டத்தில் வீட்டுப் பெண்கள் செய்தது. 1850-களில் மெஷின் பட்டன் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. பித்தளை வளையத்தைச் சுற்றி நெருக்கமாகத் தையல் போட்டு, அந்த முடிச்சு வரிசையை உள்பக்கம் திருப்பி, வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி நூலை இழுத்து, பிறகு ஆரங்களைச் சுற்றிச் சுற்றி நிரப்ப வேண்டும். ஒன்றுக்கு இருபது நிமிடமாவது ஆகும். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நாத்தனார் மேசையிலேயே இதைச் செய்ய ஆரம்பித்தாள், கூட்டம் நின்றுவிட்டது. செய்து முடித்த பட்டனை வாங்கியவர்களைவிட வளையமும் நூலும் தனியாகக் கேட்டவர்கள் அதிகம். எங்களிடம் தனியாக இல்லை. இது எங்கள் தவறு, தைக்கிறவர்கள் கூடுமிடத்தில் செய்த பொருளோடு செய்வதற்கான பொருளும் இருக்க வேண்டும்.

அளவு விஷயத்திலும் ஒரு பாடம். தையல்கடையில் 18 லைன், 24 லைன் என்றால் புரிந்துவிடும், 40 லைன் ஓர் அங்குலம். இங்கே பாதிப் பேர் மில்லிமீட்டரில் கேட்டார்கள். அட்டையில் இரண்டையும் எழுதுங்கள். கெட்டியான குயில்ட் கோட்டுக்கு வேண்டும் என்றால் பின்னால் காது வைத்த பட்டனைக் கொடுங்கள். காது இல்லாததைத்தான் கேட்கிறார்கள் என்றால், அடியில் ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, இடைவெளியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடச் சொல்லுங்கள், காஜாவில் இறுக்காமல் நுழையும். குழந்தைப் போர்வைக்கு என்று கேட்டவர்களுக்கு நாங்கள் பட்டன் விற்கவில்லை, பிய்ந்தால் வாய்க்குள்தான் போகும்.

பெங்களூரின் மொத்த விலைக் கடைகள் இருக்கும் மாமூல்பேட்டையில் இதைவிட மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டவர்களும் உண்டு. கிடைக்கும், அங்கே 144 கொண்ட குரோஸ் கணக்கில் அள்ளலாம், சட்டைக்கு நானும் அங்கேதான் வாங்குகிறேன். அது மெஷின் வேலை, இது கை வேலை, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. விலையைக் குறைக்கவில்லை.

ஹாலின் உள்ளே போன் சிக்னல் மோசம், யுபிஐ பணம் வந்ததா என்று பார்க்க வாசலுக்கு ஓட வேண்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு பேர் காத்திருந்து போய்விட்டார்கள். ராத்திரிக் காவல் நம்பிக்கையாக இருந்தது, ஒரு பட்டன் கூடக் குறையவில்லை. கழிப்பறை சுத்தம். கேட்காமல் போட்டோ எடுப்பவர்களைத் தடுக்க ஒரு அறிவிப்புப் பலகை கேட்டோம், கடைசிவரை வரவில்லை.

கணக்கு இது. பட்டன் அட்டை, ஆறு பட்டன் 180 ரூபாய், 140 அட்டை: 25,200. படங்கள் இரண்டு: 10,500. வளையப் படங்கள்: 6,600. மொத்தம் 42,300. செலவில் வாடகை 13,500, வண்டி 2,400, அட்டை அச்சடிக்க 1,900, விளக்கு 1,600, சாப்பாடு 900, ஆக 20,300. பட்டனுக்கான பொருளும் கடைசல் கூலியும் 9,100 போக 12,900 நின்றது. இரண்டு பேரின் மூன்று நாள் உழைப்புக்கும் அதற்கு முந்தைய மாதங்களின் தையலுக்கும் சேர்த்து இது. பட்டன் இல்லாமல் படங்களை மட்டும் கொண்டுபோயிருந்தால் கைப்பணம் போயிருக்கும், சந்தேகமே இல்லை. துணி ஓவியம் மட்டும் செய்கிறவர்கள் இங்கே வாடகை கொடுக்காதீர்கள், குமாரகிருபா ரோட்டில் ஜனவரியில் நடக்கிற சித்திர சந்தை மாதிரி படம் வாங்க வருகிறவர்கள் கூடும் இடம் உங்களுக்குப் பொருந்தும். பட்டன், நூல், லேஸ், துணித் துண்டு என்று தைக்கிறவருக்கு வேண்டியதை வைத்திருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

டெபாசிட் பத்தொன்பதாம் நாள் வந்தது, இரண்டு முறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அடுத்த முறைக்குப் பதிவு செய்யும்போது ஸ்டால் எண்ணை நாங்கள் கேட்கவில்லை, கட் பீஸ்காரர் எங்கே இருக்கிறாரோ அதற்கு அடுத்த மேசை என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நாத்தனார் இப்போதே நூறு பித்தளை வளையத்துக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.