தண்ணீர்மலைப் பூங்காவா, கொடிமலையா? சிறப்புத் தேவையுள்ள பிள்ளையோடு கிளம்பும் பினாங்குக் குடும்பங்களுக்கு

பள்ளி விடுமுறை வந்தால் பினாங்குத் தமிழ் வீடுகளில் பூங்காவா, மலையா என்ற பேச்சு வந்துவிடும். பூங்கா என்றால் தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்கா. மலை என்றால் ஆயர் ஈத்தாமில் ரயில் ஏறிப் போகும் கொடிமலை. வீல்சேரில் இருக்கும் பிள்ளையோ, ஆட்டிசம் உள்ள பிள்ளையோ, பார்வை குறைந்த பிள்ளையோ வீட்டில் இருந்தால், எது அழகு என்று பார்த்து முடிவு செய்ய முடியாது. அழகில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் எவ்வளவு சீக்கிரம் கிளம்பி வர முடியும்?

இந்தக் கணக்கில் பூங்காதான் முந்துகிறது. 1884-இல் தாவரவியலாளர் சார்லஸ் கர்டிஸ் பொறுப்பேற்று, கல் உடைத்த பள்ளத்தாக்கைத் தோட்டமாக்கிய இடம் அது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. பத்து நிமிடத்தில் திரும்பினாலும் காசு போச்சே என்று மனம் அடித்துக்கொள்ளாது. கீழ்ச் சுற்றுச் சாலை தாரிட்டது, பெரும்பாலும் சமதளம். வீல்சேர் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்காது. மேல் சுற்று ஏற்றமானது, அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். அருவியைக் காட்டுகிறேன் என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுத்து வைக்காதீர்கள். அது குடிநீர் வாரியத்தின் எல்லைக்குள் இருக்கிறது, நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது.

நுழைவாயில் பக்கம் நிற்கும் நாகலிங்க மரத்தை மட்டும் தவறவிடாதீர்கள். மற்ற மரங்களில் பூ எங்கோ உச்சாணிக் கொம்பில் இருக்கும். இதில் அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகத் தொங்கும். வீல்சேரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண் மட்டத்திலேயே சில பூக்கள் கிடைக்கும். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துக் கையில் கொடுங்கள். இதழ் தடிமனாக, மெழுகு பூசியது போல வழவழப்பாக இருக்கும். நடுவில் குடை பிடித்த பாகத்தில் விரலை வைத்தால் தூரிகை மயிர் மாதிரி குறுகுறுக்கும். மணம் தூக்கலாக வரும். பார்வையில்லாத பிள்ளைக்கு இந்த ஒரு மரத்தருகிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும். காய் பீரங்கிக் குண்டு அளவு, விழுந்தால் மண்டை தாங்காது. அதனால் நேர் கீழே வீல்சேரை நிறுத்தாதீர்கள்.

பூங்காவின் பெரிய தலைவலி குரங்குதான். நீளவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் போதும், வந்து பறித்துவிடும். ஓடித் தப்பிக்க முடியாத பிள்ளையின் மடியில் பிஸ்கட் பொட்டலம் இருக்கவே கூடாது. சாப்பாட்டைக் காரிலேயே முடித்துவிட்டு இறங்குங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்கு வேறு ரகம், கூச்ச சுபாவம். அதன் குட்டி பிறக்கும்போது பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இன்னொன்று, தைப்பூச நாட்களில் பூங்காவுக்குப் போகும் சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்களும் ஒலிபெருக்கிகளுமாக இருக்கும். சத்தம் தாங்காத பிள்ளை என்றால் அப்போது பூங்காப் பக்கம் போகவே வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, மலை. 1923-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். 2011-க்குப் பிறகு கீழிருந்து நேராக உச்சிக்குப் போகிறது. ஒரு பெட்டியில் நூறு பேர் வரை, குளிர்சாதனம், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். வேகமாக ஏறுவதால் காது அடைக்கும். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு அழுதால் காரணம் பெரும்பாலும் இதுதான். உறிஞ்சிக் குடிக்க ஏதாவது கொடுத்தால் விழுங்கும்போது சரியாகிவிடும். நடுவில் சிறிய குகைப்பாதை வேறு வரும். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க முடியாதது வரிசை. விடுமுறை நாளில் ஏறவும் நிற்க வேண்டும், இறங்கவும் நிற்க வேண்டும். காத்திருக்கத் தெரியாத பிள்ளை அங்கே நிலைகுலைந்தால் உங்களுக்குப் போக வழியில்லை. போதாக்குறைக்கு, பின்னால் நிற்கும் அத்தை ஒருவர், "ஏம்மா, பையன் இப்படிக் கத்துறானே, ஒரு அதட்டு அதட்டக்கூடாதா?" என்று கேட்காமல் விடமாட்டார். கூடுதல் கட்டணத்தில் விரைவு வரிசை இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையோடு போகும்போது அந்தக் காசு வீண் செலவல்ல. அல்லது வேலைநாள் காலையில் போங்கள்.

மலைக்கு ஒரு பலமான வாதம் உண்டு: குளிர்ச்சி. உடல் சூடேறினால் வலிப்பு வரும் பிள்ளைக்கும், வெயிலில் துவண்டுவிடும் பிள்ளைக்கும் மேலே கிடைக்கும் காற்று கீழே எங்கும் கிடைக்காது. மேல் நிலையத்தை ஒட்டிய முற்றம் சமதளமாக இருக்கிறது. அங்கிருந்தே ஜார்ஜ்டவுனும் கடலும் தெரியும். அதைத் தாண்டினால் ஏற்ற இறக்கம்தான். திருமுருகன் கோயிலுக்கு வீல்சேர் தள்ள இன்னொரு கை வேண்டும். ஹேபிடாட் காட்டுப்பாதைக்குத் தனிக் கட்டணம். எந்தப் பகுதிவரை சக்கரம் போகும் என்று முகப்பில் கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

எங்கே போனாலும் சமூகநலத் துறை தரும் ஓகேயூ அட்டையை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்துக்கொள்ளுங்கள், சலுகை உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள். டயப்பர் மாற்றும் பலகை கைக்குழந்தை அளவுதான் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது உதவாது. தடித்த விரிப்பு ஒன்றைக் காரில் போட்டு வையுங்கள்.

கர்னி பே கடலோரமும் ஒரு வழிதான். தரை சமம், நிழல் குறைவு. சாயங்காலம் மட்டும் போகலாம்.

மற்றப் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். ஓடியாடும் அண்ணனுக்கு மலையில் உற்சாகம் அதிகம். ஆனால் தம்பிக்கு முடியவில்லை என்றால் அவனும் சேர்ந்து இறங்க வேண்டும். பூங்காவில் அப்பா அண்ணனை அழைத்துக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப் பாதையில் கொஞ்ச தூரம் ஏறிவிட்டு வரலாம், அம்மாவும் தம்பியும் கீழ்ச் சுற்றுச் சாலையிலேயே இருக்கலாம். இப்போதைக்கு என் ஓட்டு பூங்காவுக்கே. பூங்காப் பக்கத்திலிருந்து மலைக்குக் கேபிள் கார் கட்டுகிறார்கள். அது ஓடத் தொடங்கியதும் வீல்சேர் தடையில்லாமல் உள்ளே ஏறுகிறதா, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்துவிட்டு வேண்டுமானால் மாற்றிக்கொள்கிறேன்.