ஊறவைப்பதா, பிணைப்பதா?

வெள்ளவத்தை வீட்டில் அப்பாவின் காற்புண்ணுக்கு மருந்து கட்டுவது என் வேலை. இரவு வைத்த துணி காலையில் மஞ்சளாக ஊறிக் கிடக்கும். சீனி வருத்தக்காரரின் புண் அப்படிக் கசியும். புண்ணை ஆற்றும் புரதத்தைக் கட்டுத்துணியின் பொலிமரில் தங்கவைக்க நினைப்பவர்களுக்கும் இந்தக் கசிவுதான் முதல் தொல்லை.

எளிய வழி, புரதக் கரைசலில் துணியை ஊறவைப்பது. மின்னேற்றக் கவர்ச்சியால் புரதம் ஒட்டிக்கொள்ளும். செலவு குறைவு. ஆனால் கசிவிலுள்ள உப்பும் அல்புமின் என்ற இரத்தப் புரதமும் அதைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும். பெரும்பகுதி சீக்கிரமே கழன்றுவிடலாம்.

மற்றது பங்கீட்டு வலுப்பிணைப்பு, அதாவது அணுக்கள் இலத்திரன்களைப் பகிர்ந்து இறுகப் பிணைவது. கட்டுத்துணிக்குப் பயன்படும் கடற்பாசிப் பொலிமரான அல்ஜினேட்டின் காபொக்சில் தொகுதியை ஈடிசி என்ற வினைபொருள் உசுப்பிவிடும். புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலத்திலுள்ள அமீன் தொகுதி அதைப் பற்றி அமைட் பிணைப்பாகும். சும்மா கழுவினால் போகாது. சரி, அப்புறம் என்ன சிக்கல்? லைசின் ஒரு புரதத்தில் பல இடங்களில் இருக்கும். எது மாட்டும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. வேலை செய்யும் முகமே பொலிமர் பக்கம் திரும்பிவிட்டால், பூட்டுக்குள் தலைகீழாக நுழைத்த திறப்பு மாதிரித்தான். ஈடிசி புரதங்களை ஒன்றோடொன்றும் கோத்துவிடும். அதனால் பொலிமரை முதலில் உசுப்பி, மிச்சத்தைக் கழுவிவிட்டுப் புரதத்தைச் சேர்ப்பார்கள்.

உடற்கலங்கள் பற்றிக்கொள்ள வேண்டிய கொலாஜன் என்றால் நான் பிணைப்பின் பக்கம். கலத்துக்குப் போய்ச் சேர்ந்து அதைப் பெருகத் தூண்டவேண்டிய வளர்ச்சிக் காரணி என்றால் கழன்று வருவதே நல்லது: 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெகாப்லெர்மின் என்ற வளர்ச்சிக் காரணி மருந்து பிணைப்பில்லாத வெறும் ஜெல்தான். அதையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் மேசையில் விட்டுவைக்க முடியாது.