சதுர அடிக் கணக்கில் காணாமல்போன ஒன்றே முக்கால் அங்குலம்

வீட்டு முன்பக்கம் கார் நிறுத்த 20 அடிக்கு 15 அடி கான்கிரீட் தளம். சின்ன வேலைதானே என்று நினைத்தேன். போட்டு மூன்றாம் வாரம் குறுக்கே விரிசல் ஓடியது, நான்காம் மாதம் ஒரு மூலை இறங்கிவிட்டது. இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் தளம் போட எஸ்டிமேட் வாங்கப் போகிறவர்கள் முழுதாகப் படித்துவிடுங்கள்.

மூன்று பேரிடம் ரேட் கேட்டேன். முதலில் வந்தவர் வந்ததும் ரேட் சொல்லவில்லை. கடப்பாரையை வாங்கி நாலைந்து இடத்தில் மண்ணைக் குத்திப் பார்த்தார். "கார் மட்டும்தானா, லோடு வண்டி ஏதாவது ஏறுமா? மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகணும்?" என்றெல்லாம் கேட்டார். மறுநாள் ஒரு முழுப் பக்கக் கணக்கோடு வந்தார். தொகை அதிகம் என்று அனுப்பிவிட்டேன். மூன்றாவதாக வந்தவர் வாசலில் நின்றபடியே கண்ணால் அளந்தார். "முந்நூறு சதுர அடி. எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு. நீங்க எதையும் கண்டுக்க வேணாம் சார்." அந்தக் கடைசி வாக்கியம் இனித்தது. நானும் எதையும் கண்டுகொள்ளவில்லை.

அவர் தந்த துண்டுச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 300 சதுர அடி, கனம் 5 அங்குலம், எம் 20 கலவை (எம் 20 என்பது கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் கிரேடு), 10 மி.மீ. கம்பி 6 அங்குல இடைவெளியில். சீட்டில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஏமாற்று முழுக்க அதற்கும் தரைக்கும் நடுவில் நடந்தது.

கான்கிரீட்டை வாங்குவது கன அடியில். சதுர அடி ரேட்டில் கனம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 300 சதுர அடிக்கு 5 அங்குலம் என்றால் 125 கன அடி. ஒரே ஒரு அங்குலம் குறைத்தால் 25 கன அடி மிச்சம், சிமெண்டில் மட்டும் ஆறு மூட்டை. மேலே நின்று பார்ப்பவனுக்கு 5 அங்குலமும் ஒன்றுதான், 3 அங்குலமும் ஒன்றுதான்.

எங்கள் ஆள் செய்த வித்தை இது. சுற்றிலும் அடித்த பலகை சரியாக 5 அங்குலம். நான் டேப் வைத்துப் பார்த்ததும் அந்தப் பலகையைத்தான், பார்த்துத் திருப்தியும் பட்டேன். நடுவில் மண்ணை மேடாகவே விட்டு, மேலே கொஞ்சம் ஜல்லியைத் தூவிச் சமமாகக் காட்டியிருக்கிறார். எதிரெதிர்ப் பலகைகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து தரை வரை நடுவில் நாலு இடத்தில் அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இரண்டு நிமிட வேலை.

எனக்கு முதலில் சந்தேகம் தட்டியது காலிச் சாக்கில். வேலை முடிந்த மாலை, சாக்குகளை ஒரு ஆள் கட்டி எடுத்துக்கொண்டிருந்தார். சும்மா எண்ணினேன். 19. அன்று அது மனதில் ஒட்டவில்லை. விரிசல் வந்த பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3 என்ற எம் 20 கலவையில் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ மூட்டை சுமார் 8 வேண்டும். 125 கன அடி என்பது 3.54 கன மீட்டர். ஆக 28, 29 மூட்டை போயிருக்க வேண்டும். சேதாரம் தனி. 19 மூட்டையைச் சரியான கலவையில் போட்டால் 83 கன அடிதான் தேறும், அதாவது சராசரி 3.3 அங்குலம். இல்லையென்றால் கனம் சரியாக இருந்து கலவை நீர்த்துப்போயிருக்க வேண்டும். எது என்று நாலு மாதம் கழித்து கூரைக் கம்பத்துக்காக நடுவில் குழி வெட்டியபோது தெரிந்தது. வெட்டிய ஓரத்தில் ஸ்கேலை வைத்தேன், மூன்று அங்குலத்தைத் தொடவில்லை.

அதே குழியில் கம்பியும் தெரிந்தது. கான்கிரீட்டுக்கு நடுவில் அல்ல, அடியில், மண்ணை ஒட்டி, துருப்பிடித்து. கம்பியை மண்ணில் படாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் ஒன்றுகூட வைக்கவில்லை. போடும்போது கேட்டதற்கு "ஊத்தும்போது கொக்கியால தூக்கி விட்டுருவோம்" என்றார்கள். தூக்கினாலும், அடுத்த ஆள் மிதித்ததும் அது பழைய இடத்துக்கே போய்விடும். அதுவும் 10 மி.மீ. இல்லை, 8. ஒரு மீட்டர் கம்பியின் எடையைக் கிலோவில் அறிய விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் போதும். 10 மி.மீ.க்கு 0.617 கிலோ, 8 மி.மீ.க்கு 0.395. சீட்டில் எழுதியபடி குறுக்கும் நெடுக்கும் கட்டினால் எங்கள் தளத்துக்கு 230 கிலோவுக்கு மேல் வந்திருக்க வேண்டும். அவர்கள் 8 மி.மீ.யை 9 அங்குல இடைவெளியில் கட்டியிருந்தார்கள், கிட்டத்தட்ட 100 கிலோ. பாதிகூட இல்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 லிட்டர் தண்ணீர் என்பது நல்ல அளவு. இவர்கள் ஹோஸ் குழாயை மிக்சர் வாயில் சொருகிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கலவை சாம்பார் மாதிரி ஓடியது. ஓடினால் பரப்புவது சுலபம், அவர்களுக்கு. தண்ணீர் கூடக் கூட பலம் குறையும், காயும்போது சுருக்கமும் அதிகம். விரிசலில் ஒரு பங்கு அதனால். இன்னொரு பங்கு, 20 அடி நீளத்தில் ஒரு ஜாயின்ட் (விரிசல் கண்டபடி ஓடாமல் ஒரே கோட்டில் அடங்க மேலே வெட்டும் பள்ளம்) கூட வெட்டாததால். 5 அங்குலத் தளத்துக்கு 10 அடி, மிஞ்சினால் 12 அடிக்கு ஒன்று வெட்ட வேண்டும், ஆழம் கனத்தில் கால் பங்கு. வெட்டாமல் விட்டதால் கான்கிரீட் தானே தனக்கு ஜாயின்ட் போட்டுக்கொண்டது.

"எல்லாம் சேர்த்து" என்ற சொல்லுக்கு வருகிறேன். கடைசி நாள் வந்த கூடுதல் கணக்கில் மண் அள்ளியது, ஜல்லி நிரப்பியது, மிக்சர் வாடகை, பலகை வாடகை எல்லாம் தனித்தனியாக இருந்தன. கேட்டால், "தளம்னா தளம் மட்டும்தான் சார்." ஏழு நாளாவது நனைத்து வைக்கும் வேலை (கியூரிங்) யாருடைய கணக்கிலும் இல்லை. நான்தான் காலையும் மாலையும் குழாய் பிடித்தேன்.

முதல் ஆளின் தாளை இப்போது தேடி எடுத்துப் பார்த்தேன். மண் திமிசு போடுவது, ஜல்லிப் படுகை, பாலிதீன் ஷீட், கவர் பிளாக், ஜாயின்ட் வெட்டுவது, கியூரிங் எல்லாம் தனி வரி. மூட்டை எத்தனை, கம்பி எத்தனை கிலோ என்றும் எழுதியிருந்தார். நான் இரண்டு மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டேன். அவர் அதிகம் கேட்கவில்லை, எல்லாவற்றையும் எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

ரெடிமிக்ஸ், அதாவது ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் கான்கிரீட், எடுப்பவர்களுக்கு ஒன்று. மூன்றரை கன மீட்டர் என்பது முழு லாரி அளவு இல்லை. குறைந்த லோடுக்குத் தனிக் கட்டணம் உண்டா, லாரி காத்திருந்தால் எவ்வளவு, பம்ப் தனியா என்று முன்பே கேளுங்கள். டெலிவரி சீட்டில் அளவும் கிரேடும் இருக்கும், அதை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு ஊற்றச் சொல்லுங்கள்.

ஆளைப் பிடித்து நியாயம் கேட்டேன். "மண் இறங்கினா நாங்க என்ன சார் பண்றது?" முழுப் பணமும் கொடுத்திருந்தேன். பிறகு போனை எடுக்கவில்லை.

உடைத்த கான்கிரீட் சுமார் ஐந்தரை டன் வரும். நேற்று அதை அள்ளிப்போக வந்தவர் வாசலில் நின்று கண்ணாலேயே அளந்துவிட்டு, "சதுர அடிக்கு ஒரு ரேட் போட்டுக்கலாமா?" என்றார். வேண்டாம், ஒரு நடைக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், நடையை நான் எண்ணிக்கொள்கிறேன் என்றேன்.