தகவல் அளிப்போர் பாதுகாப்பு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

பொதுப் பணத்தில் நடக்கும் ஊழலைக் கண்டு புகார் கொடுப்பவருக்கு அரசாங்கம் வழங்கும் பாதுகாப்பும் ஒரு சேவைதான். மற்றச் சேவைகளைப் போல அதையும் எடைபோட்டுப் பார்க்கலாம். மலேசியாவின் 711ஆவது சட்டமாகிய 2010ஆம் ஆண்டு தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் தேதி அமலுக்கு வந்தது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற நான், புகார் கொடுக்கத் துணிந்த சிலருக்கு மனு எழுதிக் கொடுத்தும் கூடச் சென்றும் இந்தச் சேவையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எழுத்தில் இது வலுவான சட்டம். எங்களைப் போன்ற சிறிய பட்டணத்தில் அதன் வலு பாதியாகிவிடுகிறது என்பது என் கருத்து.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புகார்தாரரின் அடையாளத்தை வெளியிடுபவருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 10 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். அவரைப் பழிவாங்குபவருக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். புகாரை வாய்மொழியாகவே சொல்லலாம். அதை எழுத்தில் பதிவு செய்வது அதிகாரியின் கடமை என்பதால், மலாய் மொழியில் மனு எழுதத் தெரியாத தோட்டத்துப் பாட்டாளியும் தயங்காமல் போகலாம். தவறு செய்தவரின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்பதில்லை. பழிவாங்கல் என்பதில் வேலைநீக்கம் மட்டுமன்றிப் பிழைப்புக்கு இடையூறு செய்வதும் அடங்கும். பாதிப்பு நேர்ந்தது என்று காட்டப்பட்டபின், அது புகாருக்குப் பழிதீர்ப்பு அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிராளியின் தலையில் விழுகிறது. தொழிலாளர் தகராறுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்த ஏற்பாடு பெரிய ஆறுதலாகவே தோன்றியது.

ஆனால், எனக்குத் தெரிந்த ஓர் இளைஞனின் அனுபவம் வேறுவிதமாக அமைந்தது. பொது அலுவலகம் ஒன்றுக்குக் கால்வாய் சீரமைக்கும் குத்தகையாளரிடம் அவன் வேலை செய்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளின் பின்புறம் ஓடும் கால்வாய் முழுவதற்கும் சிமெண்டு போட்டதாகக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. பெரிய சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு மட்டுமே போட்டிருந்தார்கள், அதற்கப்பால் பழைய மண்கரையும் லாலாங் புல்லும் அப்படியே கிடந்தன. அந்தக் கணக்குத் தாளைக் கையில் தொட்டவர்கள் குத்தகையாளர், மேற்பார்வையாளர், இவன் ஆகிய மூவர்தாம். புகாரை வாங்கிய அதிகாரிகள் இவன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். ஆயினும் விசாரணைக்கு வந்தவர்கள் அந்தத் தாளைக் கேட்ட மாத்திரத்திலேயே யார் கொடுத்தது என்று ஒட்டுக்கடை வரைக்கும் தெரிந்துவிட்டது. மிரட்டல் எதுவும் வரவில்லை. "இப்போதைக்கு ஆள் போதும் தம்பி, வேண்டும்போது கூப்பிடுகிறேன்" என்றார் குத்தகையாளர்; பிறகு கூப்பிடவே இல்லை. வாய்ச்சொல்லில் சேர்ந்த வேலை, கையில் கொடுத்த கூலி. நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ இல்லாதவன் பாதிப்பை எதைக்கொண்டு காட்டுவான்? பொறுப்பை எதிராளிமீது சுமத்தும் அந்த நல்ல விதி, இவனுக்குத் தொடங்கவேயில்லை.

பாதிக்கப்பட்டவர் பணியிட மாற்றம் கோரலாம் என்றும் சட்டத்தில் உண்டு. அரசாங்க ஊழியருக்கு அது பயன்படலாம். தாயின் தோட்ட வேலையை நம்பி லயத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு, மாறிப் போக இடம் எங்கே இருக்கிறது? வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மூன்றும் ஒரே வேலியின் உள்ளே இருக்கும் வாழ்க்கையைச் சட்டத்தை வரைந்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலும் ஆபத்து இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு குறை என்றால் கோயில் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம், பத்திரிகை நிருபர் என்று போவதுதான் வழக்கம். ஆனால், காவல்துறை, ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்க அமைப்புகளிடம் சொன்னால் மட்டுமே இந்தச் சட்டம் துணைக்கு வரும். தேசிய ஃபிட்லாட் (மாட்டுப் பண்ணை) நிறுவனம் தொடர்பான வங்கி விவரங்களை 2012இல் செய்தியாளர்களிடம் வெளியிட்ட ரஃபிஸி ரம்லிக்கு, 2018இல் வங்கிச் சட்டத்தின்கீழ் 30 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019 நவம்பரில் மேல்முறையீட்டில்தான் அவர் விடுவிக்கப்பட்டார். பெயர்பெற்ற அரசியல்வாதிக்கே இந்த நிலை என்றால், அலுவலகத்தில் கோப்பு தூக்கும் ஊழியர் எப்படித் துணிவார்? அதிலும், பணியில் அறிந்த தகவலை வெளியிடுவதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 203ஏ பிரிவும் அவர் கண்முன் நிற்கிறது.

மற்றச் சட்டங்கள் தடை செய்த தகவலுக்குப் பாதுகாப்பு இல்லை என்று தகவல் அளிப்போர் சட்டத்தில் இருந்த வாசகத்தை நீக்கும் திருத்தத்தை 2025 மார்ச் மாதம் மக்களவை ஏற்றுக்கொண்டதை மனமார வரவேற்கிறேன். பாதுகாப்பைக் கவனிக்க ஒரு குழு அமைக்கவும் அதில் வழி செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் குழு, தினக்கூலிக்காரருக்கு விசாரணை முடியும்வரை ஓர் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தால், அடுத்த முறை இந்தச் சேவையை இதைவிட உயர்வாக மதிப்பிடத் தயங்கமாட்டேன்.

இதற்கிடையில் புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: ஊழல் தடுப்பு ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1-800-88-6000. சம்பளம் வாங்கிய தேதி, தொகை, வேலை செய்த இடம் ஆகியவற்றைப் புகாருக்கு முன்பே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். வேலைக்குக் கூப்பிட்ட வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். தாள்களை நம் கடைத்தெருவில் நகலெடுக்க வேண்டாம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான், ஈப்போவுக்குப் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.