தரையில் ஃபைபரா, வானில் செயற்கைக்கோளா?

தடாவில் எங்கள் வீட்டு மாடியில் டியூஷன் மையம் ஆரம்பித்தபோது கண்ணாடி இழை வழியே வரும் ஃபைபர் இணைய இணைப்பைத்தான் எடுத்தேன். "ராக்கெட் விடுற ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு, சாட்டிலைட் நெட்டு வரட்டும்னு பொறுக்கக் கூடாதா?" என்றார் மாமா. அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. 2022 அக்டோபரில் நள்ளிரவிலும், 2023 மார்ச்சில் ஒரு ஞாயிறு காலையிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டுகள், இணையச் சேவை தரும் ஒன்வெப் நிறுவனத்தின் செயற்கைக்கோள்களைத் தலா 36 கொண்டுபோயின.

ஏன் இத்தனை? உயரம்தான் காரணம். சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் மூன்று செயற்கைக்கோள் இருந்தாலே உலகின் பெரும்பகுதிக்குப் போதும். ஆனால் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி ஆகும். வீடியோ வகுப்பில் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறிவிடும். அதனால் ஒன்வெப் 1,200 கி.மீ.க்கும், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் 550 கி.மீ. அளவுக்கும் இறங்கின. தாழ்வாகப் பறந்தால் கண்ணுக்குப் படும் நிலப்பரப்பு குறைவு. சில நிமிடங்களில் கடந்தும் போய்விடும். ஒன்று மறைவதற்குள் அடுத்தது வந்தாக வேண்டும். ஒன்வெப்புக்கு நூற்றுக்கணக்கில், ஸ்டார்லிங்குக்கு ஆயிரக்கணக்கில் தேவைப்படுவது இதனால்தான்.

வேகம், தாமதம் இரண்டிலும் ஃபைபர் முந்தும், அதில் பேச்சில்லை. எனக்கு முடிவைக் கொடுத்தது பராமரிப்பு. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோளின் ஆயுள் ஏறக்குறைய 5 ஆண்டு. பிறகு அதை இறக்கி எரித்துவிட்டு, புதியதை ஏற்ற வேண்டும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49-இல் 40 வரை சூரியப் புயலில் வீணாயின. ராக்கெட்டின் கீழ்ப்பகுதியைத் திரும்பப் பயன்படுத்தும் ஸ்பேஸ்எக்ஸால் அதைத் தாங்க முடிகிறது. ஆனாலும் அந்தச் செலவு ஒருநாளும் ஓயாது. கடைசியில் சந்தாவில்தான் வந்து விழும்.

மண்ணுக்குள் போட்ட கண்ணாடி இழையோ பல பத்தாண்டுகள் கிடக்கும். வேகம் கூட்ட இரு முனைப் பெட்டிகளை மாற்றினால் போதும். சாலை வேலைக்கு வந்த ஜேசிபி ஒருமுறை எங்கள் லைனை அறுத்துவிட்டது. லைன்மேன் தம்பி வந்து இழையை உரித்து, ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, சீராக வெட்டி, முனைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்தார். குட்டித் திரையில் இரண்டு முனைகளும் நெருங்கின, ஒரு பொறி, அவ்வளவுதான். சாயங்கால வகுப்பு நடந்தது.

ஐப்பசி மழையில் டிஷ் வைத்து ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவுகளுக்கும் கடலுக்குப் போகும் படகுகளுக்கும் செயற்கைக்கோள்தான் சரி. மெயின் ரோட்டோரம் இருப்பவர்கள் ஃபைபரே எடுங்கள். கரண்ட் போனால் மோடமும் அணைந்துவிடும், ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.