ஜெர்சி ஸ்டிக்கரை எடுக்கக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் ஊர்க் கபடி அணிக்கு மொத்தம் 12 ஜெர்சி, களத்தில் இறங்கும் 7 பேருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேருக்கும். போன வருடம் ஸ்பான்சர் செய்த கடையின் பெயரை முதுகில் வினைல் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள். இந்தப் பொங்கலுக்கு வேறொருவர் செலவை ஏற்றுக்கொண்டார், அவர் பெயர் வர வேண்டும். புது ஜெர்சி வாங்கப் பையன்களிடம் பணம் இல்லை, பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சரி, பழைய ஸ்டிக்கரை எடுத்துவிடலாம் என்று டவுனில் ஒரு பிரிண்டிங் கடைக்கு 11 ஜெர்சியை எடுத்துப் போனேன், ஒரு பையன் மட்டும் கொண்டுவர மறந்திருந்தான்.

"தடமே தெரியாம எடுத்துடலாம் அண்ணே, ஒண்ணுக்கு 50 ரூபாய்" என்றார் கடைக்காரர். 550 ரூபாயையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். எப்படி எடுப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து வாங்கிப் பிரித்தால் ஒரே தின்னர் நாற்றம். ஸ்டிக்கர் போயிருந்தது, பசை போகவில்லை. ஸ்டிக்கர் இருந்த இடம் முழுக்கச் சதுரமாகப் பளபளவென்று மினுங்கியது. தோள் பக்க வெள்ளைப் பட்டையில் இளநீலம் ஏறியிருந்தது. இந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் புரிந்தது: வினைல் ஒட்டுவதற்கு 150, 160 டிகிரியில் பத்துப் பதினைந்து விநாடி போதும், இவர்கள் சீக்கிரம் கழன்று வரட்டும் என்று ஹீட் பிரஸ்ஸில் (துணியைச் சூடாக அழுத்தும் மெஷின்) சூட்டை ஏற்றி வெகுநேரம் வைத்திருக்கிறார்கள். நம் ஜெர்சி எல்லாம் பாலியஸ்டர். சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி நூலுக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் பிரிண்ட் போடுவதே ஏறத்தாழ 200 டிகிரியில்தான், அந்தச் சூட்டில் பாலியஸ்டர் சாயம் ஆவியாகிப் பக்கத்துத் துணியில் போய் ஏறிக்கொள்ளும். இது தொழில் தெரிந்த யாருக்கும் தெரிந்த விஷயம்.

கேட்டதற்கு "துணி லோக்கல், நாங்க என்ன பண்றது" என்றார். பணமும் திரும்ப வரவில்லை. கொடுக்கும்போது துணியைத் தடவிப் பார்த்து வாங்கியவரும் அவர்தான்!

இரண்டு முறை துவைத்துப் பார்த்தோம். பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு பையன்கள் மண்ணில் விழுந்து எழுந்தார்கள், மிச்சமிருந்த பசையில் செம்மண் ஒட்டிப் பழைய கடையின் பெயர் எழுத்தெழுத்தாகப் படிக்கிற மாதிரி நின்றது. இரண்டு ஜெர்சி, பிடித்து இழுத்த இழுப்பில் சூடுபட்ட இடத்திலேயே கிழிந்தன.

மிஞ்சிய அந்த ஒரு ஜெர்சியை நானே வீட்டில் செய்து பார்த்தேன். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மேலே பருத்தித் துணி போட்டு, அயர்ன் பாக்ஸைச் சிந்தெடிக் அளவில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டினேன். சூடு ஆறுவதற்குள் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சின்னக் கிடுக்கியால் பிடித்து மெதுவாக உரிக்க வேண்டும், ஆறிவிட்டால் திரும்பவும் சூடு. மிச்சப் பசைக்கு மெடிக்கலில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட், அதையும் முதலில் உள் தையலில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். ஸ்பிரிட்டை எடுக்கும் முன் அயர்ன் பாக்ஸை அணைத்துத் தள்ளி வைத்துவிடுங்கள், ஜன்னலையும் திறந்துவிடுங்கள், சட்டென்று தீப்பிடிக்கும். ஒரு ஜெர்சிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்படியும் லேசான தடம் இருக்கிறது, ஆனால் துணி உருப்படியாக இருக்கிறது, மண்ணும் ஒட்டவில்லை.

அதனால் தடமே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மொத்தமாகக் கொடுக்காமல் ஒன்றை மட்டும் கொடுத்து, வாங்கித் துவைத்துப் பார்த்த பிறகு மற்றதைக் கொடுங்கள். நகத்தால் ஓரம் கிளம்புகிறதா என்றும் பாருங்கள். கையில் தட்டுப்படவே இல்லை என்றால் அது சப்ளிமேஷன், சாயம் நூலுக்குள்ளேயே இருக்கும், அதை எடுக்கிறேன் என்று வாங்குகிற காசு வீண்.

பொங்கல் ஆட்டத்துக்குப் பையன்கள் வெள்ளை பனியனில் மார்க்கரால் நம்பர் எழுதிக்கொண்டு இறங்கினார்கள்.