தோணி வந்தால்தான் கறி: அறுகம் குடாவில் மூன்று இரவுகள்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம் குடாவில் அலைச்சறுக்கு ஆட வருவோரை நம்பி எழுந்த விடுதிகளே மிகுதி. ஆனால் சென்ற ஜூனில் நாங்கள் மூன்று இரவுகள் தங்கிய விடுதி, மீனவர்கள் தோணிகளை இழுத்து ஏற்றும் மணலுக்கு நேர் பின்னால், கிடுகு வேய்ந்த ஐந்து குடில்களும் ஒரு திறந்த சமையற்கூடமுமாக நிற்கிறது. அங்கே நாளின் ஒழுங்கைத் தீர்மானிப்பவர்கள் தோணிக்காரர்களே என்பது முதல் விடியலிலேயே விளங்கிவிட்டது. இரவு முழுதும் கடலில் கிடந்த தோணிகள் இருள் பிரியுமுன் இரைச்சலோடு கரைக்குத் திரும்புகின்றன. அதற்குப் பிறகு உறங்க இயலாது. எழுந்து வெளியே வந்தால், கிழக்குக் கரையாதலால் சூரியன் கடலிலிருந்தே எழுவதையும், வலையிலிருந்து சூரையையும் பாரையையும் உதறி எடுப்பதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம்.

மதிய உணவு எப்போது என்று கேட்டதற்குச் சமையல் செய்யும் அம்மா, "தோணி இன்னும் கரைக்கு வரல்ல மகன், வந்தாத்தான் கறி" என்றார். அன்று இரண்டரை மணிக்குத்தான் உண்டோம். ஆனால் கொறுக்காய்ப்புளி கரைந்த அந்தப் பாரைக் குழம்பும், அம்மியில் அரைத்ததால் தேங்காய்த் துருவல் சற்றுத் திப்பியாகவே நின்ற சம்பலும் காத்திருப்புக்கு முழுமையாக ஈடு செய்தன.

குடிலில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு நுளம்பு வலை. குளிரூட்டியோ வெந்நீரோ இல்லை. குளிக்கும் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதால் தலைமயிர் சிக்குப் பிடிக்கிறது. இவற்றை முன்பதிவின்போதே சொல்லிவிட்டார்கள், ஆகவே குறையாகக் கொள்ளவில்லை. வலையில் இரண்டு இடங்களில் கிழிசல் இருந்ததும், இரவு உணவுக்கான மீனை நிறுத்து விலை கூறாமல் கடைசி நாள் கணக்கில் சேர்த்ததும்தான் என் மனத்தாங்கல். கேட்ட பிறகு ஒரு பகுதியைக் குறைத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாறாக, வந்த அன்றே உரிமையாளர் எங்களைத் தெருமுனை வரை அழைத்துச் சென்று, கடல் பொங்கினால் எந்த வழியாக மேட்டுக்கு ஓட வேண்டும் என்று காட்டினார்; 2004 ஆழிப்பேரலையைக் கண்ட ஊருக்கு அது இயல்பான விருந்தோம்பல்.

மாலைகளில் செய்வதற்கு ஒன்றுமில்லை, அதற்காகவே போனோம். ஒரு நாள் மட்டும் பொத்துவில் களப்பில் மீனவர்கள் துடுப்புப் போட்டுச் செலுத்தும் படகில் கண்டல் மரங்களுக்கிடையே இரண்டு மணி நேரம் சுற்றினோம். காட்டுயிர்ப் பூங்காவான குமண வனம் தெற்கே இருக்கிறது; போகவில்லை.

நவம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்ததும் கடல் குழம்பிவிடும் என்பதால், மே முதல் செப்டெம்பர் வரையே செல்லத்தக்க காலம். நான் மறுபடியும் கடைக்கோடிக் குடிலையே கேட்பேன். நுளம்பு வலையை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போவேன்.